வி.ஆர். ஹெட்செட் நம்மூர் கிரவுண்டுக்கு ஆகுமா? கொங்கு வட்டாரப் பயிற்சியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் பக்கம் கிரிக்கெட் கேம்ப் நடத்துபவர்கள், பள்ளி பி.டி. மாஸ்டர்கள், கல்லூரி உடற்கல்வி இயக்குநர்கள், அப்புறம் விடியற்காலையில் பிள்ளைகளை வண்டியில் வைத்து கிரவுண்டுக்குக் கூட்டி வரும் பெற்றோர்கள் எல்லோரும் விர்ச்சுவல் ரியாலிட்டி (வி.ஆர்.) என்ற பேச்சை எடுத்தால் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். விற்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அதனால் வேண்டாம் என்று தோன்றிய இடத்தில் வேண்டாம் என்றே எழுதியிருக்கிறேன்.

ஏனுங்க, இது பசங்க கேம் விளையாடுற சாமான்தானுங்களே?

ஆமாம், பெரும்பாலும் அதுதான். கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு பெட்டி, உள்ளே இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம், தலை திரும்பினால் படமும் அதற்கேற்பத் திரும்பும். 2012ல் ஓக்குலஸ் என்ற சிறு நிறுவனம் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஆரம்பித்தது. 2014ல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. 2019ல் கம்ப்யூட்டரோ ஒயரோ தேவைப்படாத குவெஸ்ட் என்ற ஹெட்செட் வந்த பிறகுதான் மைதானத்துக்காரர்கள் இதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விளையாட்டுப் பயிற்சிக்கு இதைப் பிரபலப்படுத்தியது அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கராக இருந்த டெரெக் பெல்ச், வி.ஆர். ஆய்வு செய்யும் பேராசிரியர் ஜெரமி பெய்லென்சனோடு சேர்ந்து 2015ல் ஸ்ட்ரைவர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எதிரணி எப்படி நிற்கிறது என்பதை 360 டிகிரி கேமராவில் எடுத்து, ஆட்டக்காரர் மைதானத்துக்குப் போகாமலே திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தார்கள். நம் நாட்டில் ஹைதராபாத்தைச் சேர்ந்த ப்ரோயுகா நிறுவனம் ஐபி கிரிக்கெட் என்று ஒரு வி.ஆர். கிரிக்கெட் ஆட்டத்தைக் கொண்டுவந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஸ்ட்ரைவர் நிறுவனம் சில வருடங்களிலேயே வால்மார்ட் போன்ற கம்பெனிகளின் ஊழியர் பயிற்சிப் பக்கம் போய்விட்டது. கோச்சுகளை நம்பித் தொழில் நடத்துவது அமெரிக்காவிலேயே அவ்வளவு சுலபமாக இல்லை.

கண்ணாடியை மாட்டிக்கிட்டு காத்துல மட்டையை வீசுனா பேட்டிங் வந்துருமா?

இந்தக் கேள்வியில் உள்ள கிண்டல் நியாயமானது. வராது. பந்து மட்டையில் படும்போது கைக்குக் கிடைக்கிற அந்த உதறல் இல்லை, கால் ஊன்றுவதற்கு உண்மையான மண் இல்லை, விலாவில் பட்டுவிடும் என்ற பயமும் இல்லை. இவை மூன்றும் இல்லாமல் ஷாட் கற்றுக்கொடுக்க முடியாது.

ஆனால் பேட்டிங் என்பது கை வேலை மட்டும் இல்லை. கிரீஸிலிருந்து கிரீஸுக்கு 17.68 மீட்டர். 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து அரை வினாடிக்குள் வந்து சேர்ந்துவிடும். நம் கேம்ப் பையன்கள் சந்திக்கிற 100 கிலோமீட்டர் பந்துக்கே முக்கால் வினாடி கூடக் கிடையாது. அதற்குள் லென்த்தை, அதாவது பந்து எங்கே குத்துகிறது என்பதைப் பார்த்து, காலை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்று முடிவெடுத்து, மட்டையையும் இறக்கியாக வேண்டும். நல்ல பேட்ஸ்மேன் பந்து கையை விட்டு வருவதற்கு முன்பே பவுலரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு ஆகியவற்றைப் பார்த்துப் பாதி முடிவை எடுத்துவிடுகிறான். வி.ஆர். கற்றுக்கொடுக்கக் கூடியது இந்தப் பார்வையைத்தான்.

இதே பாடத்தை பவுலிங் மெஷின் ஏற்கனவே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மெஷினில் பந்து குழாயிலிருந்து வருகிறது, கை இல்லை, ஓட்டம் இல்லை. மெஷினுக்கு எதிரே ஆடுகிறவனின் கால் அசைவும், நிஜ பவுலருக்கு எதிரே ஆடுகிறவனின் கால் அசைவும் நேரத்தில் வேறுபடுகின்றன என்று ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். மெஷினில் வெளுத்து வாங்குகிற பையன் மேட்ச்சில் திணறுவதைப் பார்த்த கோச்சுகளுக்கு இது புது விஷயமும் இல்லை. மெஷின் கையைப் பழக்கும், பார்வையைப் பழக்காது. வி.ஆர். பார்வையைப் பழக்கும், கையைப் பழக்காது. இரண்டுக்கும் நடுவில், பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையால் பந்தை எறிந்து த்ரோ டவுன் போடுகிற மனிதர் இருக்கிறார். அவர் இடத்துக்கு இன்னும் எதுவும் வரவில்லை.

ஆதாரம் இருக்கிறதா என்றால், ஓரளவு இருக்கிறது. 2017ல் ராப் கிரே என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பள்ளிகளின் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் 80 பேரை நாலு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வி.ஆரில் பையனின் திறமைக்கு ஏற்பப் பந்தின் கடினத்தை ஏற்றி இறக்கிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வி.ஆரில் சும்மா கூடுதலாக அடிக்க விட்டார்கள். மூன்றாவது பிரிவுக்கு நிஜத்தில் கூடுதல் பயிற்சி, நாலாவது பிரிவுக்குக் கூடுதலாக ஒன்றும் இல்லை. நன்றாகத் தேறியது முதல் பிரிவு. வி.ஆரில் சும்மா அடித்தவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. எந்தப் பந்தை எப்போது கொடுப்பது என்ற முடிவில்தான் பலன் இருந்திருக்கிறது. அந்த முடிவைக் காலங்காலமாக எடுத்து வருகிறவர் கோச்.

டேபிள் டென்னிஸிலும் 2019ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு வந்தது. வி.ஆரில் ஆடிப் பழகியவர்கள் நிஜ மேசையிலும் முன்னேறினார்கள் என்றது. ஆனால் அவர்களை ஒப்பிட்டது எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களோடு. ஒரு நல்ல கோச்சிடம் அதே நேரத்தைச் செலவழித்தவர்களோடு ஒப்பிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அதில் வரவே இல்லை. விற்க வருகிறவர்கள் இந்த ஆய்வைக் காட்டினால் இதைக் கேளுங்கள்.

கோச்சுகள் ஏன் தயங்குறாங்க? வயசானவங்களுக்கு டெக்னாலஜின்னா பயமா?

இந்தக் குற்றச்சாட்டு எனக்குப் பிடிக்காது. நம்மூரில் ஐம்பது வயது தாண்டிய கோச் கூட போனில் ஸ்லோ மோஷன் எடுத்து, பையனின் முழங்கை எங்கே விலகுகிறது என்று வட்டம் போட்டு, வாட்ஸ்ஆப் குரூப்பில் இரவு பத்து மணிக்கு அனுப்புகிறார். அதற்கு யாரும் அவருக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. பயன் தெரிந்தது, கையாளச் சுலபமாக இருந்தது, எடுத்துக்கொண்டார்.

1989ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர், மனிதர்கள் ஒரு புதுத் தொழில்நுட்பத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது இரண்டு கேள்விகளை வைத்துத்தான் என்றார். என் வேலைக்கு இது உதவுமா? இதைக் கையாள நான் ரொம்பக் கஷ்டப்படணுமா? 2003ல் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதை விரித்து, சுற்றியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், ஆதரவு வசதி இருக்கிறதா என்ற இரண்டையும் சேர்த்தார்கள். ஆபீஸ்காரர்களை வைத்து யோசித்த கணக்கு இது. கிரவுண்டிலும் நன்றாகவே பொருந்துகிறது, ஆனால் இன்னும் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்று நேரம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடிக்க வேண்டும், பிள்ளைகள் ஸ்கூல் பஸ் பிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் வார்ம் அப், நெட்ஸ், ஃபீல்டிங் எல்லாம் முடிய வேண்டும். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழசு ஏதோ ஒன்று வெளியே போயாக வேண்டும். ஃபீல்டிங்கைக் குறைக்க எந்த நல்ல கோச்சும் சம்மதிக்க மாட்டார்.

இரண்டாவது, கொஞ்சம் கூச்சமான விஷயம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் தடவை தடுமாறும்போது யாருக்கும் தான் முட்டாளாகத் தெரிவது போல இருக்கும். தன்னிடம் கற்கிற பிள்ளைகள் முன்னால், இருபத்திரண்டு வயது சேல்ஸ் பையன் ‘இப்படிப் பிடிங்க சார்’ என்று கையைப் பிடித்துச் சரி செய்கிற நிலையில் நிற்க எந்த மாஸ்டரும் விரும்ப மாட்டார். இதைத் தலைக்கனம் என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரவுண்டில் அவருடைய சொல்லுக்கு இருக்கிற மதிப்புதான் முப்பது பிள்ளைகளை ஒழுங்கில் வைத்திருக்கிறது. டெமோ காட்ட வருகிறவர்கள் கோச்சுக்குத் தனியாக, ஆள் இல்லாத நேரத்தில், அரை மணி நேரம் முதலில் கொடுத்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

அப்புறம், கோயமுத்தூர்க்காரர் டெமோ முடிந்து ‘நல்லாத்தான் இருக்குதுங்க, பார்க்கலாமுங்க’ என்று சொன்னால் அது சம்மதம் இல்லை. வெளியூரிலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் அதை ஆர்டர் என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாத மரியாதை அது. பதிலுக்கு அவர் ஏதாவது குறை சொல்லிச் சண்டை பிடித்தால்தான் உண்மையில் ஆர்வம் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்போ எந்தக் கோச் சீக்கிரம் ஒத்துக்கறார்?

அவருக்கு ஒரு குறிப்பிட்ட தலைவலி இருந்து, இந்தக் கருவி அதைக் குறைத்தால். பொதுவாக ‘பயிற்சியை மேம்படுத்தும்’ என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள்.

காலில் அடிபட்டு ஆறு வாரம் உட்கார்ந்திருக்கும் ஓப்பனிங் பேட்ஸ்மேன் ஒரு நல்ல உதாரணம். ஓட முடியாது, நெட்ஸ் போக முடியாது, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பவுலரின் கையைப் பார்த்து இன்ஸ்விங்கா அவுட்ஸ்விங்கா என்று சொல்ல முடியும். பையன் மனதளவில் ஆட்டத்தை விட்டு விலகாமல் இருக்கிறான். இதற்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று சொன்னால் கோச்சுகளின் முகமே மாறுகிறது. தலையில் அடிபட்டவனுக்கு மட்டும் டாக்டர் அனுமதி இல்லாமல் ஹெட்செட்டைக் காட்டவே கூடாது.

மழை நாட்கள் இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் மேட் நனைந்து வாரக்கணக்கில் கிரவுண்டு பக்கம் போக முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் ஆடி மாதமே அந்தக் கதைதான். பேட்ஸ்மேன் கண் பழக்கத்தை இழக்காமல் இருக்க ஒரு அறையும் ஒரு ஹெட்செட்டும் போதும்.

முடிவெடுக்கும் வேகம் முக்கியமான ஆட்டங்களின் கோச்சுகளும் சீக்கிரம் வருகிறார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஜேடன் டேனியல்ஸ் என்ற ஆட்டக்காரர் கல்லூரி நாட்களிலேயே எதிரணி அமைப்புகளை வி.ஆரில் நிஜத்தை விட அதிக வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துப் பழகினார். 2024 சீசனில் அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. அது வி.ஆரால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். திறமையும் உழைப்பும் இல்லாத இடத்தில் எந்தப் பெட்டியும் வேலை செய்யாது.

நம்மூரிலேயே இதைத் துளியும் சந்தேகப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது: மோட்டார் ரேஸ்காரர்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வண்டி ஓட்டுகிற பையன்களுக்கு வீட்டில் ஸ்டியரிங், பெடல் வைத்த சிமுலேட்டரில் பழகுவது சாதாரணம். 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். ஆனால் சிமுலேட்டர் இந்த அளவு பரவியது அவர் காலத்துக்குப் பிறகு. 2009லிருந்து ஃபார்முலா ஒன் அணிகள் சீசன் நடுவே ட்ராக்கில் சோதனை ஓட்டம் ஓடுவதைக் கடுமையாகக் குறைத்ததும், பெரும்பாலான அணிகள் சிமுலேட்டருக்குள் இறங்கின. நிஜப் பயிற்சிக்கு விலை அதிகமாகவோ வழி இல்லாமலோ போனால் ஏற்றுக்கொள்ளும் மனது தானாக வருகிறது. டயருக்கும் பெட்ரோலுக்கும் செலவழிக்கிறவருக்கு இந்தக் கணக்கு உடனே புரிகிறது. டென்னிஸ் பந்தும் தெருவும் இருக்கிற ஊரில் கிரிக்கெட் கோச்சுக்கு அந்த நெருக்கடி இல்லை.

எங்கிட்ட முப்பது பசங்க. ஒரே ஒரு ஹெட்செட். எப்படிங்க சமாளிக்கறது?

முப்பது பேருக்கும் கொடுக்காதீர்கள். ஒருவனுக்கு எட்டு நிமிடம், கழற்றித் துடைத்து அடுத்தவனுக்கு மாட்ட இரண்டு நிமிடம் என்று வைத்தாலே ஐந்து மணி நேரம் போய்விடும். மூன்று நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, வாரம் இரண்டு நாள், ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். ஹெட்செட்டில் ஓடுவதை டி.வி.யிலோ போனிலோ அப்படியே காட்டும் வசதி இருக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் பையன் உள்ளே என்ன பார்க்கிறான் என்று தெரியாமல் கோச் ஓரமாக நிற்க வேண்டியதுதான். பல கோச்சுகள் வெறுத்துப் போவது இந்த இடத்தில்தான்.

மீதிப் பையன்களையும் டி.வி. முன்னால் உட்கார வைத்து, பந்து பவுலர் கையை விட்டதும் படத்தை நிறுத்தி, ‘எங்கே விழும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஹெட்செட்டே இல்லாமல் பழைய மேட்ச் வீடியோவிலும் இதைச் செய்யலாம். செலவில்லாத அந்தப் பயிற்சியைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன்.

கபடி, வாலிபால், சிலம்பம், பேஸ்கட்பால் எல்லாத்துக்கும் ஆகுமா?

கபடிக்கு இன்றைக்கு ஆகாது. மூச்சு, பிடி, மண், எதிராளியின் எடை எல்லாம் சேர்ந்துதான் கபடி. தொடையைப் பிடித்த கையிலிருந்து எப்படி உருவிக்கொண்டு வருவது என்று எந்தக் கண்ணாடியும் சொல்லித் தராது. ஆனால் ரைடர் நடுக்கோட்டைத் தாண்டி நிற்கும் இடத்தில் 360 டிகிரி கேமராவை ஆள் உயரத்துக்கு வைத்து, உங்கள் டிஃபென்ஸை சங்கிலி போட்டு நிற்க வைத்துப் படம் எடுத்தால், எந்தக் கார்னர் முன்னால் கால் வைக்கிறான் என்று புது ரைடர் உட்கார்ந்து பார்க்கலாம். கோச்சே எடுக்கிற படம், தன் அணியே அதில் இருக்கிறது. வாலிபாலில் செட்டரின் கையைப் படிக்கும் பிளாக்கருக்கும் இதே வழி.

சிலம்பத்தில் கம்போடு கம்பு மோதும் அதிர்வு இல்லாமல் என்ன இருக்கிறது? விட்டுவிடலாம்.

பேஸ்கட்பால் கோவையில் ஆழமாக ஊறிய ஆட்டம். பி.எஸ்.ஜி. நடத்துகிற அகில இந்தியப் போட்டியைப் பார்த்தே வளர்ந்த குடும்பங்கள் இங்கே உண்டு. ஷூட்டிங்குக்கு வி.ஆர். உதவாது, பந்தின் எடை கையில் இல்லை. யாருக்கு பாஸ் கொடுப்பது என்று பார்வையை ஓட்டப் பழக உதவும். டேபிள் டென்னிஸ்தான் இருப்பதிலேயே நெருங்கி வருகிறது, ஏனென்றால் பேட்டும் பந்தும் எடை குறைவு, கையிலிருக்கும் கன்ட்ரோலர் கிட்டத்தட்ட பேட் போலவே இருக்கிறது.

என்ன செலவாகும்?

மெட்டாவின் (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்) குவெஸ்ட் 3எஸ் 2024ல் அமெரிக்காவில் 300 டாலருக்கும், அதற்கு முந்தைய வருடம் வந்த குவெஸ்ட் 3 அங்கே 500 டாலருக்கும் வந்தது. இங்கே இறக்குமதிச் செலவு சேர்ந்து கூடும். அதற்கு மேல் மென்பொருள். ஒரு தடவை காசு கட்டினால் முடிகிறதா, மாதா மாதம் சந்தாவா என்று பாருங்கள். கேம்ப் ஃபீஸ் வசூல் மே மாதம் நிறைய வரும், ஜூனில் காற்றாடும். மாதச் சந்தா அதற்கு ஒத்துவராது.

வெயில், வேர்வை இதெல்லாம் தாங்குமா?

ஹெட்செட்டின் லென்ஸில் நேரடி வெயில் பட்டால் பூதக்கண்ணாடி போலக் குவிந்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். சில விநாடிகள் போதும். கரூர், ஈரோடு வெயிலில் பெஞ்சின் மேல் லென்ஸ் மேலே பார்க்க வைத்துவிட்டு தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது திரையில் பொட்டு விழுந்திருக்கும். வெட்டவெளியில் ஹெட்செட்டில் உள்ள கேமராக்களும் சரியாக இடத்தைக் கண்டுபிடிக்காது. ஆகவே இது அறைக்குள் வைக்கும் சாமான். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலியிடம் வேண்டும். மட்டையை நிஜமாக வீசப்போகிறான் என்றால் இன்னும் அதிகம்.

எடை அரைக் கிலோ. வேர்வையும் தேங்காய் எண்ணெயும் முகத்தில் படும் பஞ்சில் ஊறி நாற்றம் எடுக்கும், துடைக்கக் கூடிய ரப்பர் உறை வாங்கிவிடுங்கள். கொண்டை போட்ட, சடை போட்ட பெண் பிள்ளைகளுக்குப் பின்பட்டை சரியாக உட்காராது, முடியைத் தாழ்வாகக் கட்டச் சொல்லுங்கள். மெட்ராஸ் ஐ பரவும் மாதங்களில் ஹெட்செட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவது நல்லது. ஒரு பையனுக்கு வந்து அது அணி முழுக்கப் பரவினால் டிஸ்ட்ரிக்ட் மேட்ச்சுக்கு ஆள் இருக்காது.

போட்டுப் பார்த்தேன், தலை சுத்துச்சு. எனக்கு மட்டும்தானா?

இல்லை. கண் நகர்வதாகச் சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நகரவில்லை என்கிறது. அந்த முரண்தான் குமட்டல். இன்னொரு காரணமும் உண்டு: உள்ளே காட்டும் பவுலர் தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும் கண் குவிவது ஒரே நிலையான தூரத்தில். அதனால் கண் சோர்ந்துவிடும். நின்ற இடத்தில் நின்று ஆடும் பயிற்சிகளில் தலைசுற்றல் குறைவு, தானாக ஓடுவது போலக் காட்டும் ஆட்டங்களில் அதிகம். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். சுற்றினால் உடனே கழற்றிவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதில் வீரம் ஒன்றும் இல்லை. கழற்றிய கையோடு நிஜ நெட்ஸுக்கு அனுப்பாதீர்கள், கண் தெளியக் கொஞ்ச நேரம் கொடுங்கள். வலிப்பு வந்த வரலாறு உள்ள பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

எத்தனை வயசுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்?

மெட்டா முதலில் 13 வயது என்று வைத்திருந்தது. 2023ல் பெற்றோர் கட்டுப்பாட்டில் இருக்கும் கணக்கோடு 10 வயது என்று இறக்கியது. என் கருத்து, 13க்குக் கீழே இந்தச் சாமானுக்கு அவசரமே இல்லை. அந்த வயதில் ஓடட்டும், மரம் ஏறட்டும், நாலு விதமான ஆட்டம் ஆடட்டும். சின்ன முகத்துக்கு இரண்டு லென்ஸ்களின் இடைவெளியும் சரியாகப் பொருந்தாது.

பிள்ளைகளின் தலை அசைவு, கை வேகம் எல்லாம் கருவியில் பதிவாகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 2023ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது, பெற்றோரின் சம்மதம் கேட்கிறது. அட்மிஷன் ஃபாரத்தில் அதற்கு ஒரு பத்தி சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்து அகாடமியில வெச்சிருக்காங்கன்னு பேரண்ட்ஸ் கேட்கறாங்க. நானும் வாங்கிப் போட்டுறட்டுமா?

ஷோவுக்கு வாங்கினால் ரெண்டு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும். கேட்கும் பெற்றோரிடம் ‘உங்க பையனுக்கு எந்த இடத்துல குறை இருக்குது, அதுக்கு நான் என்ன பண்றேன்’ என்று விளக்கிச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியதும் அதுதான். அதற்குப் பிறகும் ‘ஹெட்செட் இருந்தாத்தான் சேர்ப்போம்’ என்கிறவர் அடுத்த வருடம் வேறு எதையாவது பார்த்துவிட்டு வேறு இடம் போய்விடுவார்.

நடராஜன் இதெல்லாம் போட்டுப் பார்த்தா இந்தியாவுக்கு ஆடினார்?

இல்லை. வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆரம்பித்து, 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். அப்புறம் சொந்த ஊரில் ஒரு கிரவுண்டும் கட்டினார். வி.ஆர். வேண்டாம் என்பவர்கள் எடுத்து வைக்கும் வலுவான வாதம் இதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன்: ஊருக்கு முதல் தேவை கிரவுண்டு. ஒரு கிரவுண்டு, ஒரு மேட், ஒரு நல்ல கோச் இல்லாத இடத்தில் ஹெட்செட் வாங்குவது வீண். ஆனால் அவருடைய பலம் பேட்ஸ்மேனின் காலடியில் விழும் யார்க்கர் பந்து, அதற்கு ஆயிரக்கணக்கில் பந்து போட்ட கை வேண்டும். அந்த யார்க்கரை எதிர்கொள்ள வேண்டிய பேட்ஸ்மேனுக்குத் தேவை வேறு. எல்லா ஆட்டக்காரருக்கும் ஒரே பதில் கிடையாது.

டெமோவுக்கு வர்றவங்ககிட்ட என்ன கேட்கணும்?

திருப்பூரில் புது நிட்டிங் மெஷின் விற்க வருகிறவரிடம் முதலாளி கேட்லாக்கைப் பார்ப்பதில்லை, ‘என் நூலைப் போட்டு ஓட்டிக் காட்டு’ என்பார். அதையே செய்யுங்கள். ‘என் பையன் ரெண்டு பேர் இருக்கான், லெஃப்ட் ஆர்ம் பந்துல அவுட் ஆகறான். ஒரு மாசம் உங்க ஹெட்செட்டை இங்க வைங்க, மேட்ச்ல வித்தியாசம் தெரியுதான்னு பார்க்கறேன்’ என்று சொல்லுங்கள். கருவி காட்டும் ஸ்கோரை நம்ப வேண்டாம், அது எப்போதும் ஏறிக்கொண்டே போகும். மேட்ச்சில் அதே மாதிரிப் பந்தை எத்தனை தடவை விட்டான், எத்தனை தடவை தொட்டான் என்று நோட்டில் எழுதுங்கள்.

எந்தப் பந்து, எந்த லென்த், எத்தனை தடவை என்று கோச்சே மாற்ற முடியுமா, மெனு தமிழில் இருக்கிறதா, நெட் இல்லாமல் ஓடுமா, ரிப்பேர் என்றால் யார் வருவார்கள் என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு ‘முடியாது, சாஃப்ட்வேரே பார்த்துக்கும்’ என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

எங்க காலேஜ் பசங்க ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு கோச்சுகளுக்காக வி.ஆர். ஆப் செய்யணும்ங்கறாங்க. என்ன செய்யச் சொல்லலாம்?

இது நல்ல விஷயம், கோவையைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருந்தும் கிரவுண்டுக்கும் லேபுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. முதல் மாதம் கோடிங் வேண்டாம் என்று சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குப் போய் நெட்ஸுக்குப் பின்னால் நின்று, கோச் ஒரே பையனிடம் திரும்பத் திரும்ப எதைச் சொல்கிறார் என்று எழுதி வரட்டும். அந்த வாக்கியங்களில் ஒன்றை மட்டும் எடுத்து அதற்கு ஒரு பயிற்சி செய்யட்டும். ஸ்டேடியம், கூட்டத்தின் சத்தம், பட்டாசு எதுவும் வேண்டாம். உள்ளூர் பவுலர் நாலு பேரை 360 கேமராவில் பிடித்து, கை விட்டதும் படம் நிற்கிற மாதிரி செய்து, பையன் ‘முன்னால்’ அல்லது ‘பின்னால்’ என்று சொன்னதும் மிச்சப் பந்து ஓடினால் போதும். நிறுத்துவதும் ஓட்டுவதும் கோச்சின் கையில் ஒரே ஒரு பட்டனில் இருக்கட்டும். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கும் மாஸ்டருக்கும் தெரிகிற அளவுக்கு எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். செய்து முடித்ததும் வைவாவுக்கு முன்னால் அவரிடம் கொடுத்து, அவர் திட்டுவதைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.